டேப்பு கல்லூரி தேடிய கதை

எங்கள் வீட்டில் அவளுக்கு டேப்பு என்று பெயர். வைத்தவள் அவளுடைய அத்தையான நான்தான். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், டேப் ரெக்கார்டர் மாதிரி ஒரு வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். அவளுடைய அப்பா, அதாவது என் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அவர் எப்போதோ பக்கத்து வீட்டுக்காரரோடு போட்ட சண்டையை இவள் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டி, அவரே மறந்துபோன வசவுகளை எல்லாம் எடுத்துக் கொடுப்பாள். இவளை அருகில் வைத்துக்கொண்டு அண்ணி யாரைப் பற்றியும் வாய் திறப்பதில்லை.

காதில் விழுந்தது இப்படி ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்குக் கண்ணில் பட்ட எழுத்து மட்டும் நிற்காது. எழுத்தை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டால் சரியாகச் சொல்வாள். நாலு எழுத்து சேர்ந்து ஒரு சொல்லாகி, பத்துச் சொல் சேர்ந்து ஒரு வரியாகிவிட்டால் தகராறு. வரியின் கடைசிக்குப் போவதற்குள் வியர்த்துக் கொட்டும், முதல் சொல் மறந்துபோயிருக்கும். ஒன்பது வயது வரை ஆசிரியர்கள் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாங்களும் நம்பினோம். நாலு அடியும் போட்டோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் விட்டுவிட்டுச் சொன்னால் அது பொய்.

பிறகு ஒரு டாக்டர் அரை நாள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, இது டிஸ்லெக்சியா, கற்றல் குறைபாடு, இதற்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை ஒரு நீல ஃபைலில் போட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு மேலே வைத்தார். அந்த மாதமே அவளை வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். உள்ளதைச் சொல்லித்தான் இடம் கேட்டோம். சான்றிதழைப் பார்த்த தலைமையாசிரியை அதை இரண்டு விரலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, இடம் இல்லை என்றார். ஏதோ அழுக்குத் துணியைத் தள்ளுகிற மாதிரி இரண்டே விரல். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும், அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய பள்ளியிலேயே படிப்பு தொடர்ந்தது. வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கணக்கும் அறிவியலும் அண்ணன் வாசித்துக் காட்ட வேண்டும், மொழிப்பாடம் அண்ணி, வரலாறு நான். அண்ணன் இரண்டாவது பக்கத்தில் குறட்டை விட்டார். அண்ணி சோகக் கதை வந்தால் விசும்பினாள், பாதிப் பாடம் மூக்குறிஞ்சுவதிலேயே போனது. கடைசியில் எல்லாப் பாடமும் என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு அது பாரமில்லை, தொழிலே அதுதான்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை, ஒரு மைக், கழுத்தை ஒரு பக்கமாகவே திருப்பத் தெரிந்த ஒரு மின்விசிறி, புறப்பாட்டு நேரம் எழுதிய அட்டை. ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில் மைக்கை அணைத்துவிட்டு, போனில் அவளுடைய பாடத்தை ஒரு பத்தி பதிவு செய்வேன். பஸ்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஹாரன் அடிப்பார்கள். அந்த ஹாரனும் பாடத்தோடு பதிவாகிவிடும். எந்தப் போர் எந்த வருஷம் என்று கேட்டால் டேப்பு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாவது ஹாரனுக்கு அப்புறம் வரும் என்று தேடி எடுத்துச் சொல்வாள்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். அபிப்பிராயம் சொல்லாமல் எனக்கு வாசிக்க வராது. ஒரு மன்னன் வேட்டையாடப் போகும்போது தங்குவதற்காக இரண்டாவது அரண்மனை கட்டினான் என்று ஒரு பாடத்தில் வந்தது. ‘இவனுக்கு வேற வேலை இல்ல’ என்று சொல்லிவிட்டு மேலே வாசித்தேன். அவளுக்குத் தேர்வில் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆள் கொடுப்பார்கள். அந்த அரையாண்டுத் தேர்வில் டேப்பு சொல்ல, எழுத வந்த அம்மா அப்படியே எழுதினார்: ‘இம்மன்னருக்கு வேறு வேலை இல்லை என்பது அறிஞர்கள் கருத்து.’ வரலாற்று ஆசிரியர் சிவப்பு மையில், எந்த அறிஞர் என்று கேட்டிருந்தார். எங்கள் குடும்பத்திலேயே முதல் அறிஞர் நான்தான் என்று ஒரு வாரம் நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

பள்ளி முடிந்தது. மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் வாய் முளைத்தது. வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைக்குத் தையல் நல்லது என்றார் ஒருவர், சமையல் என்றார் இன்னொருவர், இப்படிப்பட்ட பிள்ளைகள் படம் நன்றாக வரையுமாமே என்றார் மூன்றாமவர். டேப்பு வரைந்தால் பூனைக்கும் சோபாவுக்கும் வித்தியாசம் தெரியாது. அவள் எல்லாரிடமும் தலையாட்டிவிட்டு, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வரலாறு படிக்கப் போவதாகச் சொன்னாள். இருக்கிற படிப்பிலேயே புத்தகம் அதிகமான படிப்பாகப் பார்த்துப் பிடித்திருந்தாள். அண்ணனுக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. ஏன் இது என்று கேட்டதற்கு, வேறு எந்தப் பாடத்திலும் இவ்வளவு சண்டை கிடையாது என்றாள்.

கல்லூரி பார்க்கும் படலம் ஆரம்பித்தது. நான்தான் கூடப் போனேன். மற்றப் பிள்ளைகள் கட்டடத்தையும் கேன்டீனையும் பார்ப்பார்கள். இவள் மூன்று கேள்விகளைப் போனில் தன் குரலில் பதிவு செய்து வைத்திருந்தாள். என்னைப் போல இருக்கிறவர்களுக்கு இங்கே யார் பொறுப்பு? போன வருஷம் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களில் ஒருவரோடு நான் பேசலாமா? வாசலில் நின்று ஒரு தடவை கேட்டுக்கொள்வாள், பிறகு உள்ளே போவாள்.

முதல் கல்லூரி வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. எனக்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது. முதல்வர் மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு, இங்கே எல்லாரும் சமம், யாருக்கும் தனியாக எதுவும் செய்வதில்லை என்று பெருமையாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்த டேப்பு, அவருடைய மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வாங்கிக்கொண்டால் முழுசாகச் சமமாகிவிடும் என்றாள். வாய்க்கொழுப்பு என்று திட்டினேன். அது யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்ததால் ரொம்பவும் திட்ட முடியவில்லை.

இரண்டாவது கல்லூரியில் ஓர் அம்மா ரொம்ப நல்லவர். டிஸ்லெக்சியா என்ற சொல் காதில் விழுந்ததும் குரலை உயர்த்தி, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு பஸ் போகிற அளவுக்கு இடம் விட்டுப் பேச ஆரம்பித்தார். டேப்பு மரியாதை குறையாமல் அதே சத்தத்தில், அதே வேகத்தில் பதில் சொன்னாள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம்.

மூன்றாவது கல்லூரி வேறு ஊரில் இருந்தது, பஸ்ஸில் நாலு மணி நேரம். அங்கே போனால் ஹாஸ்டல்தான். யார் பொறுப்பு என்று கேட்டதற்கு, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறையைக் காட்டினார்கள். தலை குனிந்துதான் உள்ளே போக முடியும். அங்கே ஒரு மனிதர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூடி வைக்கப் போனவரை, சாப்பிட்டுக்கொண்டே சொல்லுங்கள் என்றாள் இவள். போன வருஷம் நாலு பேர் இருந்தார்கள், மூன்று பேர் தேறினார்கள், ஒருவன் பாதியில் போய்விட்டான், அவனை விட்டதில் தன் தப்பும் உண்டு என்று அவர் சொன்னார். பிறகு அந்த மூவரில் ஒரு பெண்ணுக்குப் போன் போட்டு இவள் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். அரை மணி நேரம் பேசிவிட்டு வந்த டேப்புவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோனது, பத்து நிமிட நடைக்கு இனி வாய்ப்பில்லை.

அங்கே வரலாற்றில் சேர ஒரு சோதனை உண்டு. எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்தில் படித்துவிட்டு, இரண்டு பேராசிரியர்களிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு இரட்டை நேரம், தனி அறை, கம்ப்யூட்டர் உரக்க வாசிக்கும் வசதி எல்லாம் உண்டு, வீட்டு ஆட்கள் மட்டும் கூட இருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் ஏழாவது கட்டத்தில் டிக் போட்டு, சான்றிதழ் நகலையும் வையுங்கள், அப்போதுதான் என் மேசைக்கு வரும் என்று மாடிப்படிக்காரர் இரண்டு தடவை சொன்னார்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் புதிதாக ஒரு பெண்குரல் குடியேறியது. கம்ப்யூட்டரில் வாசிக்கும் குரல். கமாவுக்கு நிற்காது, மூச்சு விடாது. மன்னன் செத்தாலும் மகுடம் சூடினாலும் அதற்கு ஒரே ராகம். ‘அந்தப் பொம்பளை’ என்று நான் அதற்குப் பெயர் வைத்தேன். டேப்பு அதை முதலில் நிதானமாக ஓட விட்டாள், பிறகு கொஞ்சம் வேகமாக, கடைசியில் கொசு பறக்கிற மாதிரி இருந்ததை அவள் பாட்டுக்குத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துத் தானே வாசிக்கவும் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினாள். துணி துவைக்கக் கற்றுக்கொண்டாள். பஸ் மாறிப் போகக் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றையும்விட, ‘எனக்கு வாசிக்க நேரம் ஆகும், கொஞ்சம் பொறுங்க’ என்று அறிமுகமில்லாதவர்களிடம் சொல்லிப் பழகினாள். முதலில் கண்ணாடியிடம், பிறகு மருந்துக் கடைக்காரரிடம், பிறகு பார்க்கிற எல்லாரிடமும். கூட நிற்கிற எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு விரல் கண் முன்னால் வந்தது.

விண்ணப்பத்தை அவளுக்காக நான்தான் நிரப்பினேன். நான் ஒவ்வொரு கட்டமாக வாசிப்பேன், அவள் பதில் சொல்வாள், நான் எழுதுவேன். ஏழாவது கட்டம் வந்தது. வாசித்தேன். “ஆமா, போடுங்க அத்தை” என்றாள்.

“போட்டாச்சு” என்றேன்.

போடவில்லை. சான்றிதழ் நகலையும் உறையிலிருந்து எடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன், மறுநாள் கிழித்துப் போட்டேன். டிக் போட்ட விண்ணப்பத்தை யாரோ இரண்டு விரலால் தள்ளிவிடுவார்கள், உள்ளே நுழைந்த பிறகு மாடிப்படிக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அவள் அங்கே போய்விட்டால் என்னிடம் வாசித்துக் காட்டச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். பயம் பாதி, அந்தப் பொம்பளை மேல் பொறாமை பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் எனக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சோதனை நாளன்று காலை முதல் பஸ்ஸில் போனோம். பெரிய ஹாலில் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஐந்தாவது நிமிடம் கதவு திறந்தது, டேப்பு கையில் ஒரு காகிதக் கட்டோடு வெளியே வந்தாள்.

“அத்தை, பேப்பராக் குடுக்கறாங்க. ஏழாவது கட்டம் காலியா இருக்குன்னு சொல்றாங்க. நீங்க போட்டீங்கதானே?”

ஆபீஸில் தொலைத்திருப்பார்கள் என்று சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

“போடலை” என்றேன்.

“போட்டாச்சுன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று மாடிப்படிக்குக் கீழே போனாள். நான் இருக்கவில்லை, பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது. “சார், எனக்கு டிஸ்லெக்சியா இருக்கு. வாசிக்க நேரம் ஆகும். படிவத்துல போடலை. தப்பு எங்க பக்கம்.”

எங்க பக்கம் என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மாடிப்படிக்காரர் பேராசிரியர்களுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுப் பேசினார். ஒருவர் முணுமுணுத்தது வெளியே எனக்கே கேட்டது. கடைசியில், அசல் சான்றிதழ் மூன்று மணிக்குள் என் மேசைக்கு வந்தால் வேறொரு கட்டுரையை வைத்து மூன்று மணிக்குச் சோதனையில் உட்கார வைக்கிறேன், வராவிட்டால் அடுத்த வருஷம்தான் என்றார். சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. பீரோ நாலு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கிறது. அப்போது மணி பத்து பத்து.

எனக்கு உலகத்தில் எந்த அட்டவணை தெரிகிறதோ இல்லையோ, எங்கள் ஊர் பஸ் அட்டவணை தெரியும். பத்தரைக்கு ஒரு வண்டி உண்டு, இரண்டரைக்கு இங்கே வந்து சேரும். அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் ஓர் ஆபீஸ் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், லிஃப்ட்டை நிறுத்திவிட்டு அதன் தலைமேல் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தானே நிறுத்திய லிஃப்ட்டைத் தானே திட்டிக்கொண்டு ஒன்பது மாடியும் படியிறங்கி ஓடினார். அடுத்து, எனக்குப் பதிலாக மைக்கில் உட்கார்ந்திருந்த சகாவைக் கூப்பிட்டேன். அண்ணன் நீல ஃபைலோடு வந்துகொண்டிருக்கிறார், வரும் வரை பத்தரை வண்டியை விடாதே என்றேன்.

அந்தப் புண்ணியவதி என்ன செய்தாள் தெரியுமா? பத்தரை வண்டி புறப்படத் தயாராக உள்ளது, பயணிகள் அவசரமின்றி ஏறவும் என்று ஆறு தடவை அறிவித்தாள். ஏற ஒருவரும் பாக்கியில்லை. ஆறாவது தடவை டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, கிளம்பச் சொல்கிறாயா நிற்கச் சொல்கிறாயா என்று கேட்டிருக்கிறார். அதற்குள் அண்ணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, ஃபைலை அவர் கையில் திணித்து, விஷயத்தைச் சொல்லாமல் அழுதுவிட்டார். என் சகாதான் மைக்கை அணைக்காமலே விஷயத்தைச் சொன்னாளாம். மொத்த பேருந்து நிலையமும் கேட்டது.

நான் அங்கே பஸ் வந்து நிற்கும் இடத்தில் பத்தே முக்காலிலிருந்து நின்றேன். பிள்ளையைப் பார்க்கத் தைரியமில்லை. இரண்டு முப்பத்தைந்துக்கு வண்டி வந்தது. டிரைவர் ஃபைலை ஜன்னல் வழியாகவே நீட்டினார், பின்னால் பயணிகள் சீக்கிரம் போங்கம்மா என்று கூவினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஆட்டோக்காரர் கேட்காமலே வண்டியை நிறுத்தினார். இரண்டு ஐம்பதுக்கு ஃபைல் மேசையில் இருந்தது. மாடிப்படிக்காரர் சான்றிதழை எடுத்து முழுவதும் படித்தார். முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார். பிறகு டேப்புவைப் பார்த்து, வாம்மா என்றார்.

ஐந்து மணிக்குப் பேராசிரியர்கள் இருந்த அறைக்குள் போனாள். கால் மணி நேரம் என்றார்கள், அரை மணி நேரம் ஆனது. நடுவில் உள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று கதவில் காதை வைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மன்னித்துவிடு என்று நான்தான் முதலில் சொன்னேன். ஏன் போடவில்லை என்பதை, பொறாமையையும் சேர்த்து, ஒளிக்காமல் சொன்னேன்.

“எனக்கு வாசிக்க வராதுங்கறது எனக்குப் பழகிடுச்சு அத்தை,” என்றாள். “வாசிச்சுக் காட்டறவங்க பொய் சொன்னா நான் எங்க போவேன்?”

பஸ் இன்னும் இரண்டு ஊர் தாண்டியது. திடீரென்று என் பக்கம் திரும்பினாள். தனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் இதைச் சொல்லாவிட்டால் வாய் வெடித்துவிடும் என்றாள். கட்டுரை ஒரு பழைய துறைமுகத்தின் கிடங்குகளைப் பற்றியதாம். எப்படி இருந்தது என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். கட்டுரை எழுதியவர் எட்டுப் பக்கமும் மூட்டை எங்கே தூங்கியது என்று எழுதியிருக்கிறார், தூக்கி வந்தவன் எங்கே தூங்கினான் என்று ஒரு வரிகூட இல்லை, இவருக்கு மூட்டைதான் சொந்தக்காரன் போலிருக்கிறது என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் அந்தச் சிரிப்பு. காலையில் முணுமுணுத்த பேராசிரியர்தான் அதிகம் சிரித்தாராம். இப்படிப் படிக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டாராம். எங்கள் வீட்டில் வரலாறு திட்டோடு சேர்ந்துதான் வரும் என்றாளாம்.

நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இப்ப மறுபடியும் கோவம்” என்றாள்.

அந்தக் கோபம் மூன்று வாரம் இருந்தது. பேசினாள், சாப்பிட்டாள், என் தலைக்கு எண்ணெய்கூடத் தேய்த்துவிட்டாள். ஆனால் ஒரு வரி, ஒரு மருந்துச் சீட்டு, ஒரு விளம்பரத் துண்டுகூட வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் நீட்டவில்லை. எல்லாவற்றையும் அந்தப் பொம்பளையிடமே கேட்டாள். கண்ணாடி அறையில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே எனக்குக் கை ஓடவில்லை. செய்ததற்கு இது குறைச்சல்தான் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் உறையை வாங்கி, பழக்கதோஷத்தில் என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். டேப்பு அதை வாங்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரை எடுத்து வரட்டுமா என்றாள் அண்ணி. வேண்டாம், நானே வாசிக்கிறேன், யாரும் நடுவில் வாய் திறக்கக் கூடாது என்றாள். ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்தாள்.

அண்ணன் எதிரே நின்றார். அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் போய் நின்றது அவள் நாற்காலிக்குப் பின்னால். எனக்கு அந்த இடம்தான் பழக்கம்.

வாசிக்க ஆரம்பித்தாள். தங்கள் விண்ணப்பமும், சான்றிதழும், நேர்காணலும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கால் வைத்துப் பார்த்து நகர்ந்தாள். ‘பரிசீலனை’யில் நின்றுவிட்டாள். திரும்பப் பின்னால் போனாள், மறுபடி வந்தாள், மறுபடி நின்றாள். கழுத்தில் வியர்வை துளிர்த்தது. நான் அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தால் மட்டும் என் கண் கேட்குமா? அது நாளெல்லாம் அட்டவணை பார்த்தே பழகிய கண். ஸ்கேலுக்கு மூன்று வரி கீழே இறங்கி, இருப்பதைப் படித்துவிட்டது.

முப்பது வருஷமாக மைக்கில் கத்தியே சம்பளம் வாங்குகிற வாய் இது. தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் ஒரு நிமிடம் இருந்து பழகாத வாய். அதை மூட முந்தானையை எடுத்துப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று சீலிங்கைப் பார்த்தேன். அவள் ‘பரிசீலனை’யைத் தாண்டினாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிடம் ஓடியது. என் வாழ்நாளில் இவ்வளவு தாமதமாக ஒரு வண்டியும் வந்ததில்லை.

ஸ்கேல் அந்த வரிக்கு வந்தது.

“வரலாற்றுத் துறையில்,” என்று வாசித்தாள், “தங்களுக்கு... இடம்... வழங்க... வழங்கப்பட்டுள்ளது.”

ஒரு தடவை தனக்குள் முணுமுணுத்துச் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு மறுபடி வாசித்தாள், இந்தத் தடவை நிற்காமல். அண்ணி ஓவென்று அழுதாள். அண்ணன் யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டேப்பு நாற்காலியில் திரும்பி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முந்தானை இன்னும் என் வாயில் இருந்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு, இல்ல?”

முந்தானையை எடுத்தேன். “தெரிஞ்சுது. நீ மூணு வரி மேல இருக்கும்போதே.”

“சொல்லலையே.”

“நீதானே வாசிக்கறே.”

அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒன்பது வருஷம் அவளுக்கு வாசித்திருக்கிறேன், எனக்கு யாரும் ஒரு வரிகூட வாசித்துக் காட்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே கேட்டிருப்பேன். அவள் கடிதத்தைத் திருப்பி, ஸ்கேலை அடுத்த பக்கத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தாள்.

“ஹாஸ்டலுக்கு என்னென்ன கொண்டு வரணும்னு ஒரு முழுப் பக்கம் இருக்கு. உட்காருங்க, நேரம் ஆகும்.”

உட்கார்ந்தோம்.